ஒரே பவளத்தின் இரண்டு பாதி

ஜோதிலட்சுமிக்குக் கைராசி என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராசியாவது மண்ணாவது. மூன்று மணிக்குச் செய்ய வேண்டியதை மூன்று மணிக்குச் செய்கிறவள் அவள், அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வாயைத் திறந்து சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதனால் அவளைப் பற்றி நான் எழுதுவதில் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் சந்திரலேகா. காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். கல்யாணமாகி வந்தது சிதம்பரம். கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறேன். கடலையே பத்து வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றாலும், படித்தது கடலைத்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, புதுச்சத்திரத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போனால், ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளர். அங்கே உயிரோடு இருக்கும் பவளம் அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. பொறுப்பாக இருந்தேன் என்று எழுதுவதுதான் சரி.

ஜோதிலட்சுமி கடலூர் துறைமுகத்துக்கு எதிரே சோனாங்குப்பத்தில் பிறந்தவள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஒன்பதாவது வரை படிப்பு. புருஷன் தனக்கோடி அடுத்தவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இருபத்திரண்டு வயதில் ஒரு இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் தரை கழுவச் சேர்ந்தாள். ஆறு மாதத்தில் பாசி வளர்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் குஞ்சுகளுக்குத் தீனி தயாரிக்கும் வேலையே அவள் கைக்கு வந்துவிட்டது. பதினைந்து வருடம் அங்கே இருந்தாள். பொரிப்பகத்தை மூடினார்கள். நண்டு உடைக்கும் கம்பெனியில் சில மாதம் நின்றாள். விரல் முழுக்க வெட்டுக் காயம். யாரோ சொல்லி எங்களிடம் தினக்கூலிக்கு வந்தாள்.

வந்த முதல் நாளே என் மூக்கை உடைத்தாள்.

அன்று எங்கள் தலைவர் ஜெயப்பிரகாஷ் சார் அவளை அழைத்துக்கொண்டு தொட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வெயில் காலம். தொட்டித் தண்ணீர் ஆவியாகி, நாங்கள் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. குறைகிறதை நிரப்ப நான் பக்கத்தில் ஒரு டிரம்மில் கடல்நீர் வைத்திருந்தேன். அவள் டிரம்மைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கொறையறதுக்குக் கடல்தண்ணியவா ஊத்துறீங்க?"

"பின்ன?" என்றேன்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தானேக்கா. உப்பு இங்கயேதான கெடக்கும். நல்ல தண்ணிதான ஊத்தணும்? உப்பு ஜாஸ்தியாயிருக்குமே."

சார் உப்பளக்கும் கருவியை எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வாரமாக அவசரத்தில் கடல்நீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். சார் கருவியைத் துடைத்து வைத்தார். "ஜோதிம்மா, நாளைலேர்ந்து வந்துடுங்க" என்றார். அந்த 'ம்மா' எனக்குப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் கிடைத்ததில்லை. நான் எப்போதும் வெறும் லேகாதான்.

அன்றிலிருந்து நான் கணக்கு வைக்க ஆரம்பித்தேன். சார் அவளிடம் எத்தனை முறை கேட்கிறார், என்னிடம் எத்தனை முறை கேட்கிறார் என்ற கணக்கு. இந்த வயதில் இது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அவள் கொண்டு வரும் நெத்திலிக் குழம்பை எல்லோரும் நக்கிச் சாப்பிடும்போது, எனக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒத்துக்கொள்ளாததெல்லாம் இல்லை. வீட்டில் வாரம் இரண்டு நாள் மீன்தான்.

இனி அந்தப் பவளத்தைச் சொல்ல வேண்டும். மண்டபம் பக்கத்துக் கடலிலிருந்து, வனத்துறை அனுமதியோடு, எட்டு வருடத்துக்கு முன் நானே போய்க் கொண்டுவந்தது. அனுமதி ஒன்றே ஒன்றுக்குத்தான். மூளையின் மடிப்புபோல் வளைந்து வளைந்து மேடும் பள்ளமுமாக இருக்கும் மூளைப்பவளம். பண்ருட்டிப் பலாப்பிஞ்சு ஒன்றைக் கவிழ்த்து வைத்த அளவு. ஈரச் சாக்கும் ஐஸ் பெட்டியுமாக ராத்திரியெல்லாம் வேனில் மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். அது செத்தால் இன்னொன்று கிடைக்காது. அதை வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தின் பவள வேலையே நடக்கிறது.

பவளம் என்றால் கல் என்று நினைக்கிறோம். கல்லுக்கு மேலே மெல்லிய தோல்போல் சதை. அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. பவளத்துக்குப் பழுப்பு நிறம் கொடுப்பதே அந்தப் பாசிதான். வெளிச்சத்தில் அது சமைக்கும் உணவில் பெரும்பங்கை வாடகைபோல் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளம் இடம் கொடுக்கும், ஆனால் சத்தை அளந்துதான் கொடுக்கும். தண்ணீர் சூடானால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். பாசி உணவுக்குப் பதில் நஞ்சைக் கக்க ஆரம்பிக்கும். பவளம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடித்தனக்காரர்களை வெளியே தள்ளும். பாசி போனால் நிறம் போய்விடும், சதைக்குள்ளே வெள்ளை எலும்பு தெரியும். அதைத்தான் வெளுப்பு என்கிறோம். வெளுத்த உடனே பவளம் சாவதில்லை, பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் இறங்கி, யாராவது அதற்கு ஊட்டியும் விட்டால், மிச்சமிருக்கும் பாசி மெல்லப் பெருகும். இல்லாவிட்டால் சில வாரத்தில் கதை முடிந்துவிடும்.

2024 ஜனவரியில் சார் ஒரு சோதனை திட்டமிட்டார். அந்த ஒரே பவளத்தை இரண்டாக வெட்டுவது. ஒரு பாதிக்கு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பழக்குவது. மற்றப் பாதியைப் பழக்காமல் வைத்திருந்து, கடைசியில் ஒரேயடியாகச் சூடாக்குவது. முப்பத்திரண்டு டிகிரியில் எது அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது. பழக்கிய பாதிதான் தாங்கும் என்பது சாரின் எண்ணம். அந்தப் பாதியை, ஒன்றாம் தொட்டியை, எனக்குக் கொடுத்தார். இரண்டாம் தொட்டி ஜோதிக்கு. தீனி மட்டும் இரண்டுக்கும் ஜோதியின் கையால்.

வைர ரம்பம் வைத்து வெட்டியபோது பவளத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடம் என்னுடையதாக இருந்தது, இப்போது பாதி அவளுடையது.

இரண்டு மாதம் காயம் ஆற விட்டோம். அவள் பாதி மூன்றே வாரத்தில் ஆறியது. நல்ல காப்பி நிறம். என் பாதி வெளிறி, நோயாளி மாதிரி கிடந்தது. இரண்டுக்கும் ஒரே விளக்கு, ஒரே தண்ணீர், ஒரே தீனி. பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் தொட்டி முன்னால் நின்றே போட்டோ எடுத்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள். தள்ளிக்கொண்டேன். அன்று சாயந்திரம் சார் என் தொட்டியைப் பார்த்துவிட்டு சாதாரணமாகச் சொன்னார்.

"லேகா, ஜோதிம்மாகிட்ட ஒருதரம் கேட்டுப் பாருங்களேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லியிருப்பாள், இரண்டு வாரத்தில் சரியாகியிருக்கும். இது பின்னால் தெரிந்தது.

பாசி வளர்க்கும் அறையில், பாசிக்குப் போடும் சத்துக் கரைசல்கள் புட்டி புட்டியாக இருக்கும். அதில் ஒன்று நைட்ரேட். ஜோதி கலந்து வைப்பது. பவளத்துக்குள் இருப்பதும் பாசிதானே, அதற்கும் கொஞ்சம் உரம் போட்டால் பெருகும், பெருகினால் நிறம் ஏறும். வயலுக்கு யூரியா போட்டால் ஒரே வாரத்தில் பயிர் கரும்பச்சையாகத் திரும்புமே, அப்பா அதைக் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசிப்பார். அந்த விவசாயி புத்தி எனக்குள் வேலை செய்தது. ஜோதி தீனி போட்டுவிட்டுக் கை கழுவப் போகும் ஐந்து நிமிடத்தில், சிரிஞ்சில் ஐந்து மில்லி. தினமும்.

வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. நைட்ரேட் எப்போதும்போல் இரண்டு என்று எழுதினேன். உண்மையில் பதினெட்டு வந்தது. அடுத்த வாரம் இருபத்தேழு. அதற்கும் இரண்டு என்றே எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அது.

என் பாதி கறுத்தது. ஒரு மாதத்தில் அவளுடையதைவிட அடர்த்தியாக, பனைவெல்ல நிறத்தில் வந்து நின்றது. சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பிரமாதம் லேகா!" என்றார். ஜோதியும் வந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

ஏப்ரல் 22ஆம் தேதி இரண்டு தொட்டியும் முப்பத்திரண்டு டிகிரிக்கு வந்தன. வெளியே உச்சி வெயில். மண்டபம் பக்கம் கடலிலேயே பவளம் வெளுக்கிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் என் பாதியிலிருந்து கோழை மாதிரி வழிந்தது. நான்காம் நாள் காலையில் போய் விளக்கைப் போட்டேன். பனைவெல்ல நிறம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. அவள் பாதி ஓரத்தில் மட்டும் லேசாக வெளிறி, மற்றபடி பழுப்பாகவே இருந்தது.

பழக்கிய பாதி முதலில் வெளுத்துவிட்டது, பழக்காதது நிற்கிறது. சாரின் எண்ணம் தலைகீழாகிவிட்டது. இரண்டு தொட்டியையும் உடனே குளிரவைக்கச் சொன்னார். தண்ணீரை எடுத்து வெளியே ஒரு சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். என் தொட்டியில் நைட்ரேட் முப்பதுக்கு மேல் என்று முடிவு வந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். சத்து ஜாஸ்தியானால் பாசி அளவுக்கு மீறிப் பெருகும். வாடகையைக் கொடுக்காமல் தானே தின்னும். சூடு வந்தால் அத்தனையும் சேர்ந்து நஞ்சைக் கக்கும். கறுப்பாக இருந்தது ஆரோக்கியம் இல்லை. நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால், சார் எண்ணியபடி என் பாதிதான் ஜெயித்திருக்கும். ஜெயிக்க வைக்கத்தான் அதை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

சார் பதிவேட்டைப் புரட்டினார். எல்லா வாரமும் இரண்டு. திடீரென்று முப்பது.

"கடைசி வாரத்துல எதோ நடந்திருக்கு. தீனி அழுகினா நைட்ரேட் ஏறும். ஜோதிம்மா, இந்தத் தொட்டிக்கு ஜாஸ்தியா போட்டீங்களா?"

"இல்ல சார். ரெண்டுக்கும் அளந்துதான் போட்டேன்."

"அப்புறம் எப்படி?"

ஜோதி என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் பார்த்தேன். சார் மிருதுவான மனிதர்தான், ஆனால் நான்கு மாத வேலை போயிருந்தது. "திங்கக்கெழமைலேர்ந்து வர வேணாம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்தால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமில்லை. ஆய்வுக்கூடம் முழுக்க எனக்கு. பெஞ்சில் என் பை, ஆணியில் என் துண்டு. மூன்றாம் நாள்தான் பவளத்துக்கு ஊட்ட வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

வெளுத்த பவளத்துக்கு இனி வாயில் விழுவதுதான் சாப்பாடு. ஆர்ட்டீமியா என்று ஒரு சின்ன உயிர், தூள்போல் இருக்கும் அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று ஊதினால் ஒரு நாளில் பொரியும். அந்தக் குஞ்சைத்தான் ஊட்டுவது. டப்பாவிலேயே செய்முறை அச்சடித்திருக்கிறது. நானும் போட்டேன். பொரிந்தது பாதி, பொரியாதது பாதி, முட்டை ஓடெல்லாம் கலந்து ஒரே சேறு. ஓட்டோடு சேர்த்து ஊட்டியதில் பவளம் கோழையைக் கக்கித் தள்ளியது. மறுநாளும் அதே கதை. நான்கு தடவை போட்டேன், என் பருப்பு வேகவில்லை. வெளுத்த பதினோராம் நாள் ஓரத்துச் சதை உரிந்து, வெறும் எலும்பு வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் பச்சையாகப் பாசி படர ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

அன்று மதியம் சார் அறைக்குப் போனேன். மனசாட்சி குத்திப் போனேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்ப் பதிவு. பவளம் செத்துக்கொண்டிருந்தது, அதைக் காப்பாற்றத் தெரிந்தவள் சோனாங்குப்பத்தில் இருந்தாள், நான் வாயைத் திறக்காமல் அவளை வரவழைக்க முடியாது. அதனால் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிஞ்சு, ஐந்து மில்லி, பதிவேடு. முடிந்ததும் மேஜையில் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நீங்களா லேகா?" என்றார். அதற்கு மேல் திட்டியிருந்தால் தேவலை.

"ஜோதிய வரச் சொல்லுங்க சார்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்க் கூப்பிடுங்க. உங்கள என்ன செய்யறதுன்னு அப்புறம் பாக்கறேன்."

கடலூர் ஓ.டி. என்கிற முதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜோதி வீட்டு வாசலில், தெருவுக்கு வந்திருந்த தண்ணீர் லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, இருந்த மூன்று குடத்தையும் நிரப்பி உள்ளே வைத்த பிறகுதான் பேசினாள்.

"உள்ள வாங்கக்கா. மோர் குடிக்கிறீங்களா?"

"ஜோதி, அது நான் செஞ்சது. நைட்ரேட்ட நான்தான் ஊத்தினேன். சார்கிட்ட சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பொரிப்பகத்துப் பழக்கம்க்கா. சனிக்கெழம சனிக்கெழம புட்டில மார்க்கர்ல கோடு போட்டு வெப்பேன். எது எவ்ளோ கொறையுதுன்னு தெரியணுமில்ல? நைட்ரேட் மட்டும் கோட்டுக்குக் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது வாரமே தெரியும்."

"அன்னிக்கே சார்கிட்ட சொல்லியிருக்கலாமே? உன் வேல போவுதுன்னு தெரிஞ்சும் ஏன் சும்மா நின்ன?"

என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நின்றாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து வயிறு எரியத் தயாராக இருந்தேன். அவள் மோர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"சொன்னா எனக்கும் கேடுக்கா. 'ரெண்டாவது வாரமே தெரிஞ்சும் ஏன் சொல்லல'ன்னு சார் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"ஏன் சொல்லல?"

"உங்க பாதி கறுத்துக்கிட்டு வந்துச்சே, அது நல்லதுக்கில்லன்னு எனக்குத் தெரியும். பொரிப்பகத்துல பாசித் தொட்டி அப்பிடித் திடீர்னு கரும்பச்சயா திரும்புச்சுன்னா ரெண்டு நாள்ல மொத்தமும் செத்துக் கெடக்கும். எத்தினியோ வாட்டி அள்ளிக் கொட்டியிருக்கேன். அன்னிக்கு உங்க தொட்டிக்கிட்ட அவ்ளோ நேரம் நின்னேனே, 'தண்ணிய மாத்துங்கக்கா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"ஏன்?"

"வெளுக்கட்டும்னு இருந்தேன்."

கையில் எடுத்த மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு மேசை இருக்கு, எனக்கு ஸ்டூல். ஆராய்ச்சிப் புத்தகத்துல உங்க பேரு வரும், போன வாட்டிகூட வந்துச்சு, சார் காட்டினாரு. குஞ்சு பொரிச்சது நானு, ஊட்டுனது நானு. எம்பேரு எங்கயும் இல்ல. யாராச்சும் பாக்க வந்தா நீங்க இங்கிலீஷ்ல பேசுவீங்க, நான் வாளியத் தூக்கிக்கிட்டு ஓரமா நிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன். அவுரு கேப்பாரு, ஏன்டி அழுவுறன்னு. இதப் போயி எப்பிடிச் சொல்றது?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வருடப் பவளம், தெரிந்தே சாக விட்டாளே என்று பாய்ந்து அறையலாம் போலிருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை? அப்புறம் வெட்கம் வந்தது. மூன்று வருடம் அவளைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன், என்னைப் பார்த்தும் ஒருத்தி வேக முடியும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வெட்கத்துக்கு அடியில், சொன்னால் காறித் துப்புவீர்கள், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"இன்னும் சாவல" என்றேன். "ஓரம் உரிஞ்சுடுச்சு. நடுவுல சதை இருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். "எத்தினி நாளா தீனி இல்ல?"

"நான் போட்டேன். ஓடு கலந்துபோச்சு."

"ஐயோ அக்கா, காத்த நிறுத்திட்டுக் கீழ லைட்டு காட்டணும். குஞ்சு வெளிச்சத்துக்கு வரும், ஓடு மேல மெதக்கும். நடுவுல டியூப்பப் போட்டு இழுக்கணும்." புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டே பேசினாள். "கெளம்புங்க. மோர குடிச்சிட்டுக் கெளம்புங்க."

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் சொன்னதை சாரிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொன்னால் என் குற்றத்தில் பாதி குறையும். இந்தக் கேவலமான யோசனையில் புதுச்சத்திரம் வந்துவிட்டது.

அவள் போனதும் தொட்டியைப் பார்க்கவில்லை. நேராக சார் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது, எனக்குக் கேட்டது. "சார், அக்கா உரம் போட்டது எனக்கு முன்னாடியே தெரியும். கெட்டுப்போவட்டும்னு சும்மா இருந்தேன். என்னயும் சேத்துக்குங்க." அவ்வளவுதான் சொன்னாள். உண்மையைச் சொன்னவள் என்ற பெயர் எனக்கு முழுசாக அரை நாள்கூட நிற்கவில்லை, அதிலும் வந்து சமமாக உட்கார்ந்துகொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சார் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார். பிறகு, சோதனை முடிவு எதுவும் செல்லாது என்று மேலிடத்துக்கு அவரே எழுதப்போவதாகச் சொன்னார். என் சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. பதிவேடு என் கையிலிருந்து ஜோதி கைக்குப் போனது. அவளுக்கு ஒரு மாதக் கூலி பிடித்தம். இரண்டு தொட்டியையும் ஒன்றாக்கி, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "ரெண்டு பேரும் சேந்து ஒரே தொட்டியப் பாருங்க. செத்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்குத் தொட்டிமேல் கறுப்புத் துணியைப் போர்த்துவோம். இருட்டானதும் பவளம் இரவு வந்துவிட்டதென்று ஏமாந்து, மடிப்பு மடிப்பாக வாயைத் திறக்கும். வெளுத்த பாதிக்கு வலது பக்கம் அவள் ஊட்டுவாள், இடது பக்கம் நான். ஆரஞ்சு நிறக் குஞ்சை மெல்லிய குழாயால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சொட்டு. ஒரு மணி நேரம் பிடிக்கும். முதல் வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டாம் வாரம், "கையக் கொஞ்சம் தாழ்த்துங்கக்கா" என்றாள். தாழ்த்தினேன். ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு செத்தது, மிச்சம் நின்றது.

ஜூன் கடைசியில் ஒரு காலை, பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது வலது பக்க மடிப்பு ஒன்றில் தேநீர்க் கறைபோல் நிறம் தெரிந்தது. பாசி திரும்பிவிட்டது. இடது பக்கம் அப்போதும் சுண்ணாம்பு வெள்ளைதான். முதல் நிறம் அவள் பக்கத்தில். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் பார்த்தேன், இன்னும் இரண்டு மடிப்புக்குப் பரவியிருந்தது. அன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் துணியைப் போர்த்தும்போது அவளாகக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. ஊட்டிக்கொண்டிருக்கும்போது நானே சொன்னேன்.

"ஜோதி, உன் பக்கம் நெறம் வந்துடுச்சு."

அவள் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"மூணு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா. நீங்க சொல்றீங்களான்னு இருந்தேன்."